எடைமேடையை மறித்த லாக் ஃபைல்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் பட்ட எழுத்தைப் படித்து முடிக்காமல் விடமாட்டேன். வடை ஆறிப்போனாலும் சரி, அதைச் சுற்றிய பேப்பரைப் படித்துவிட்டுத்தான் தின்பேன். இந்த வியாதியால் ஒரு தை மாதம் நான்கு டிராக்டர் மக்காச்சோளத்தை நனையவிட்டிருக்கிறேன்.

அப்போது நான் மருமகளாக வந்த புதிது. எட்டயபுரம் சாலையில் மாமனாருக்கு லாரி எடைமேடை ஒன்று உண்டு. அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்து, "இனிமே பிரச்சினையே வராது மாமா" என்று சொன்னது நான்தான். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.) எடை அசையும்போதெல்லாம் லாக் ஃபைல் என்கிற பதிவேட்டில் எழுதிவைக்கும்படி சோதனைக்காகச் சொல்லிவைத்துவிட்டு, நிறுத்த மறந்ததும் நான்தான்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் "இடம் இல்லை" என்று நின்றுவிட்டது. எடைச் சீட்டு இல்லாமல் எதிர்க் கிட்டங்கியில் சரக்கை இறக்கமாட்டார்கள். வெளியே நான்கு டிராக்டர்களில் மக்காச்சோளம் திறந்து கிடந்தது. தை மாதத்தில் யார் தார்ப்பாய் கொண்டுவருவார்கள்?

"சட்டுனு பாருங்க தாயி, மேகம் கூடிட்டு வருது" என்றார் முதல் வண்டிக்காரர், இடைசெவல் பெருமாள் அண்ணாச்சி.

பார்த்தேன். ஒரே லாக் ஃபைல் டிஸ்க் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. காலி செய்வது ஒரு நிமிஷ வேலை. நானோ திறந்து படித்தேன். தினமும் மாமா சாப்பிடப் போகும் மத்தியான நேரத்தில் இருபது கிலோ, நாற்பது, அறுபது, மறுபடி நாற்பது, பூஜ்யம். பக்கம் பக்கமாக இதேதான். இருபது கிலோவில் எந்த லாரி வரும்? எனக்குப் புல்லரித்துவிட்டது. நோட்டு எடுத்து, நாள்வாரியாகக் குறிக்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

"மாமா, மத்தியானம் இங்கன யாரு வாராவ?"

பதில் பெருமாள் அண்ணாச்சியிடமிருந்து வந்தது. "ஒங்க அத்தை உளுந்துச் செடிய மேடைல பரத்திட்டுப் போவாவ. லாரி ஏறுனா உளுந்து தன்னால உதிந்துரும்லா. அதத் திங்க ஆடு வரும்."

காப்பியோடு வந்து நின்ற அத்தையை மாமா பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் அவசரமாக ஃபைலை அழித்தேன். அப்போதும் "இடம் இல்லை". எடை போடும் புரோகிராம் அழித்த ஃபைலை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும், அதை நிறுத்தித் தொடங்கினால்தான் இடம் கிடைக்கும். வேறு யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். அன்றைக்குத் தோன்றவில்லை.

"அணைச்சுப் போட்டா என்ன?" என்றபடி மாமா சுவிட்சை அணைத்துப் போட்டார். எல்லாம் சரியாகிவிட்டது. முதல் சீட்டு வெளியே வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நனைந்த சோளத்தை மூன்று நாள் சாலையோரத்தில் பரப்பி, அண்ணாச்சி வீட்டாரோடு நானும் கிளறிக் காயவைத்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது, அவ்வளவு வெட்கம்.

அதற்கும் சேர்த்து இப்போது வசூலிக்கிறார். ஒவ்வொரு வெள்ளாமைக்கும் டிராக்டரை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுப்பார்:

"தாயி, ஆடெல்லாம் எடை போட்டாச்சா? நாங்க ஏறலாமா?"