திரும்பினால் கத்தும் வண்டி

நேராகப் போகும்போது மோசஸின் வண்டி பரம சாது. திரும்பும்போதுதான் ஊரைக் கூட்டும். ஆம்பூர் பைபாஸை விட்டுத் தோல் தொழிற்சாலைப் பக்கம் வளைத்தால் போதும், பின்சக்கரங்கள் 'கீ...ச்' என்று அலறி, 'டக்' என்று ஓர் உதையும் விடும்.

நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பிக்கப்பை, சூப்பர்வைசர் மோசஸுக்குக் கொடுத்திருந்தவர் முதலாளி தௌசீப் அகமது.

"இந்த வாரம் ஃபேக்டரியில பாதுகாப்பு விதியெல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு பாக்க ஆடிட்டர் மேடம் வர்றாங்க. என்னிக்கின்னு சொல்ல மாட்டாங்க. ஸ்டேஷன்ல இறங்கி உங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க. பாஸானா நீங்க மேனேஜர். இல்லேன்னா நீங்களும் நானும் வேற வேலை பாக்கணும்" என்றார் முதலாளி.

மோசஸ் பயந்துபோனார். அதைவிட, அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று தெரியாமல் தவித்தார். குக்கர் ஒரு விசில் கம்மியாக அடித்தாலும் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுஷன்.

"டிஃபரன்ஷியல் லாக்கு சார்," என்றான் மெக்கானிக் உசாமா. "சேத்துல மாட்டிக்கிட்டா ரெண்டு பின்சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டி இழுக்கும். தார் ரோட்டுல பூட்டு விட்டாத்தான் வளைவுல வெளிச்சக்கரம் கொஞ்சம் வேகமா சுத்தும். இது விடலை."

"சுவிட்ச் ஆஃப்லதானே இருக்கு?"

"அது சுவிட்சுக்குத் தெரியுது. பூட்டுக்குத் தெரியலை."

ஆயிலை மாற்றினான். அலறல் இன்னும் கணீரென்று ஆனது. காற்று ஒரு பக்கம் ஜாஸ்தி என்று டயர்களைச் சரிபார்த்தான். உதை இரட்டை உதையானது.

மோசஸ் தாமே களத்தில் இறங்கினார். வீட்டு வாசலில் முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார்.

"கெசியா! அந்தச் சக்கரம் எப்படிச் சுத்துது பாரு!"

"இதுமாதிரியேதான்," என்றாள் அவர் மனைவி. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"பூட்டு விட்டிருந்தா எதிர்ப்பக்கம் சுத்தணும்! மாட்டிக்கிட்டு நிக்குது!"

"ஐசியூல கூட நாங்க இவ்ளோ டெஸ்ட் எடுக்க மாட்டோங்க."

கண்டுபிடித்த பெருமையோடு ஷெட்டுக்குப் போனார். உசாமா அவரை மெச்சினான். டிஃபரன்ஷியலைப் பிரித்தான், துடைத்தான், மூடினான். அதுவரை பெரிய திருப்பத்தில் மட்டும் கத்திய வண்டி, அன்றிலிருந்து சின்ன வளைவிலும் கத்தியது.

"இன்னா உசாமா இது?"

"பேஜார் ஆவாதீங்க சார். ஓட்ட ஓட்ட சரியாப்பூடும்."

மறுநாள் காலையிலேயே ஆடிட்டர் கேத்தரின் வந்து இறங்கிவிட்டார். வண்டியில் ஏறியதும் மோசஸின் போனை வாங்கித் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஃபேக்டரிக்கு யாரும் தகவல் சொல்லக் கூடாது பாருங்க."

பைபாஸில் வண்டி வளைந்தது. கேத்தரின் காதைப் பொத்திக்கொண்டார். "இதுக்கு என்ன வியாதி?"

"ஒண்ணுமில்ல மேடம். திரும்புறதுன்னா மட்டும் அதுக்குப் பிடிக்காது."

போச்சு, வேலை போச்சு என்று கர்த்தரை நினைத்துக்கொண்டே உள்ளே நுழைந்த மோசஸ் திகைத்து நின்றார். ஒருவர் விடாமல் கையுறை, முகமூடி, ஏப்ரன். அவசர வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும் தோல் கட்டுகளைக் காணோம். தரை ஈரமில்லாமல் இருந்தது. கேத்தரின் மூலை முடுக்கெல்லாம் தேடியும் ஒரு குறைகூட அகப்படவில்லை.

"திடீர்னு வந்தும் இப்படி ஒரு ஒழுங்கா! உங்க கண்டிப்புதான் காரணம் மோசஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி அங்கேயே அவரை மேனேஜராக்கினார்.

மோசஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்மேல் இவர்களுக்கு இவ்வளவு மரியாதையா! பூரிப்போடு வாட்ச்மேன் வேலாயுதத்தைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினார்.

"இனிமே உசாமா வேணாம். வேலூர்ல பெரிய ஒர்க்‌ஷாப்ல விட்டு, இந்தச் சத்தத்தை ஒழிச்சிட்டு வந்துடுங்க."

வேலாயுதம் பதறிப்போனார்.

"ஐயோ, அப்படிப் பண்ணிடாதீங்க சார்! பைபாஸ்ல உங்க வண்டி கத்துனாத்தான் உள்ள எல்லாரும் கிளவுஸே மாட்டுவாங்க. அந்தச் சத்தம் நிக்காம பாத்துக்கன்னு நாங்கதானே உசாமாகிட்ட சொல்லி வெச்சிருக்கோம்!"