வேலிக்குள்ளே பிரஷர் ஜீரோ

கோரமண்டல்,
கோலார் தங்கவயல்.
செவ்வாய்க்கிழமை, காலை டீக்குப் பிறகு.

பெங்களூரு மாநகரில் புல்லைப் பற்றிப் படித்துப் பெரிய ஆளாகி, என் ஒரே மகள் மாயாவைக் கைப்பிடித்த மதிப்புக்குரிய மாப்பிள்ளை கௌதமன் அவர்களுக்கு, சுரங்கத்து டைம் ஆபீசில் இருபத்தாறு வருஷம் அட்டெண்டன்ஸ் போட்ட உங்கள் மாமனார் தம்மபாலன் எழுதுவது. நமோ புத்தாய. இங்கே நானும் உங்கள் அத்தை பழனியம்மாவும் முழங்கால் நீங்கலாக நலம். அங்கே நீங்களும் மாயாவும் முழுசாக நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் "மீட்டிங்ல கீறேன் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் அப்படிப் பாதியில் கட்டாகாது என்பதால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கோலாரில் ஆபீசர்கள் முன்னால் நீங்கள் ரிப்போர்ட் படிக்கப்போகிறீர்கள். நம் மைதானம் முழுக்க வேலி போட்டு மாடுகளை வெளியேற்றுவதா, வேண்டாமா என்று அன்றைக்கே முடிவாகிவிடும். இதற்கெல்லாம் மூலகாரணம் நான் கொடுத்த மனு என்பதை மறக்க வேண்டாம். போன வருஷம் புத்த பூர்ணிமாவுக்கென்று மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த வெள்ளை ரோஜா பதினோரு பூவையும், பூஜை தினத்தன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள், அடுத்த லைன் வீட்டு மங்கம்மாவின் எருமை கரியம்மா முள்ளோடு தின்றுவிட்டு என்னைப் பார்த்துக் காதை ஆட்டியது. அன்றைக்கே மனு எழுதினேன். எழுதின வேகத்தில் பேனா நிப்பு உடைந்ததைப் பழனியம்மா இன்றும் சொல்லிக்காட்டுகிறாள். ஆபீசர்கள் உடனே வேலி போடாமல், ஒரு வருஷம் ஆராய்ந்து பார்ப்போம் என்றார்கள். அந்த ஆராய்ச்சி உங்கள் தலையில் விழுந்தது, நீங்கள் அதை என் தலையில் வைத்துவிட்டுப் பெங்களூருக்கு ரயிலேறிவிட்டீர்கள்.

சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுக்கு இந்தப்பக்கம் ஒரே அளவில் இரண்டு துண்டு நிலம். ஒன்றுக்குக் கம்பிவேலி, இன்னொன்று திறந்தபடி. வேலி போடாததற்குத்தான் கண்ட்ரோல் என்று பேர் என்றீர்கள். மங்கம்மாவின் ஒன்பது எருமையும் இஷ்டத்துக்கு நுழைகிற இடத்துக்கு எவன் கண்ட்ரோல் என்று பேர் வைத்தான் என்று இரண்டு நாள் குழம்பினேன். பிறகு நீங்கள் போனில் கரகரவென்று சொன்னதும்தான் தெளிந்தது. "வேலிக்குள்ள பிரஷர் ஜீரோ மாமா. வெளியில எத்தினி மாடு, எவ்ளோ நேரம், மேய்ச்சல் பிரஷர் எவ்ளோன்னு மாசாமாசம் அனுப்புங்க." பிரஷர், கண்ட்ரோல் இரண்டையும் பதினைந்து வருஷமாக மாத்திரையோடு முழுங்குகிறவன் நான், எனக்கா தெரியாது? நேராகப் பழைய கம்பவுண்டர் டென்னிஸ் வீட்டுக்குப் போய், பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு வாய்யா, ஒரு எருமைக்குப் பார்க்கணும் என்றேன்.

"இன்னா மேன், ஒனக்கு மாத்திரை மாத்திட்டாங்களா?" என்றான். ஆராய்ச்சி, சர்க்கார் விஷயம், ரிப்போர்ட்டில் உன் பேரும் வரும் என்றதும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்துவிட்டான். மங்கம்மா கரியம்மாவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்று, "இன்னாத்துக்கு டைம்கீப்பரே, எம்மாட்டுக்கு இன்னா நோவு?" என்று கேட்டாள். டென்னிஸ் முறைப்படி செய்கிறவன். ஒவ்வொரு தடவையும் "மெஷின் கரெக்டா கீதான்னு மொதல்ல ஒன் கையில பாத்துக்கிறேன் மேன்" என்று எனக்குக் கட்டிப் பார்ப்பான், கரெக்ட் என்று மட்டும் சொல்வான், அப்புறம் எருமைக்கு அந்தப்பக்கம் குந்திக்கொள்வான். புஸ் புஸ் என்று சத்தம் வரும். எழுந்து நம்பர் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். முதல் மாதம் 190/110. அனுப்பினேன். "ரொம்ப அதிகம் மாமா, கொறைக்கணும்" என்று பதில் போட்டீர்கள். எருமைக்கு உப்பை எப்படிக் குறைப்பது என்று மங்கம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். நீங்கள் செடிவகை எண்ணச் சொன்னீர்கள். ஆரம்பத்தில் இரண்டு துண்டிலும் நாற்பத்தோரு வகை. எல்லாவற்றுக்கும் டோக்கன் நம்பர் கொடுத்துத் தினமும் காலை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு அட்டெண்டன்ஸ் போட்டேன். முதல் மழைக்கு வேலிக்குள்ளே புல் இடுப்பளவு வந்தது. வெளியே எருமைகள் கடித்துக் கடித்து என் மொட்டைத்தலை மாதிரி வைத்திருந்தன. பார்த்தாயா என்று மங்கம்மாவிடம் மார்தட்டினேன். அய்ய, அதுதான் கடைசிச் சந்தோஷம். புரட்டாசிக்குள் வேலிக்குள் புல் முற்றிச் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்து, அடியில் வெயில் படாமல் போய், குட்டைச் செடிகள் ஒவ்வொன்றாக ஆப்சென்ட். எட்டு வராது, பதினேழு வராது, ஊதாப்பூ பூக்கிற இருபத்திரண்டு லீவ் லெட்டர்கூடக் கொடுக்கவில்லை. டியூட்டியில் சேராமலே உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. இன்றைய கணக்குக்கு வேலிக்குள் ஆஜர் பதிமூன்று.

வெளியே இன்னா அநியாயம் என்றால், ஐம்பத்திரண்டு! கரியம்மா ஓரிடத்தில் நிற்பதில்லை. நாலு வாய் புல், பத்தடி நடை, மறுபடி நாலு வாய். உயரமாக வளர்கிறதைக் கடித்துவிடுவதால் குட்டைச் செடிக்கெல்லாம் வெயில். குளம்பு பட்ட குழியில் மழைத்தண்ணீர் நிற்கிறது, அதிலே புதுச் செடி. சாணி போட்ட இடத்தில் வண்டு வந்து உருட்டிக்கொண்டுபோய்ப் புதைக்கிறது, அங்கே இன்னொரு செடி. கொக்கு எருமை முதுகில் ஓசிச்சவாரி. வானம்பாடி குட்டைப் புல்லில் கூடு கட்டி, நான் கிட்டே போனால் திட்டுகிறது. போன மாதம் கருப்பு முதுகும் முறுக்குக் கொம்புமாக நாலு மான் வந்தன. உயரமான புல்லில் நாய் ஒளிந்திருந்தால் தெரியாதாம், அதனால் எருமை வெட்டிக் கொடுத்த வெட்டவெளிக்குத்தான் வருமாம். இதைச் சொன்னது மங்கம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை, கோபத்தில்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, அவள் மாட்டுக்குப் பின்னாலேயே ஒரு வருஷம் காலை இரண்டு மணிநேரம் நடந்ததால். நடுவில் ஒருநாள் அவள் சொன்னாள்: "மனு குட்த்தது நீதான்னு தெரியும் டைம்கீப்பரே. தெரிஞ்சிதான் மாட்டப் புட்ச்சிக் குட்க்கிறேன். மைதானத்த மூடிட்டாங்கன்னா ஒம்போதையும் வித்துட்டு பங்காருபேட்டைல மவ ஊட்டுக்குப் போறேன், அவ்ளோதான்." சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டு எனக்கு மோர் ஊற்றிக்கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரை நானே கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

இருந்தாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. பதினோரு ரோஜா. ஆகவே மாப்பிள்ளை, வேலிதான் நல்லது என்று நீங்கள் ரிப்போர்ட்டில் படிக்க வேண்டும். பதிவேட்டில் நான் பொய் எழுத முடியாது. பஞ்சசீலத்தில் நாலாவது அதுதான், அதோடு என் இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொய் ஆஜர்கூடக் கிடையாது. நீங்கள் படித்தவர், பதிமூன்றை ஐம்பத்திரண்டை விடப் பெரிதாகக் காட்ட உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது வழி இருக்கும். ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடிக்கிறது. மைதானத்தில் மேய்ந்து மேய்ந்து கரியம்மாவின் பிரஷர் மாதாமாதம் இறங்கி, இந்த மாதம் 130/84 ஆகிவிட்டது. "சூப்பர் மாமா, இதே லெவல் மெயின்டெய்ன் பண்ணுங்க" என்று நீங்களே எழுதினீர்கள். வேலி போட்டால் அது மறுபடி ஏறுமே என்று யாராவது கேட்டால், என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாயாவுக்கு வடுமாங்காய் ஒரு ஜாடி வைத்திருக்கிறோம், வந்து எடுத்துப் போகவும். ததாகதர் காட்டிய வழியில் நீங்கள் இருவரும் கோபதாபமில்லாமல், என்னைப் போல் இல்லாமல், நீடூழி வாழ வேண்டும். ஜெய்பீம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
மா. தம்மபாலன்,
டைம்கீப்பர் (ஓய்வு).

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் டென்னிஸ் வந்தான். ரிப்போர்ட்டில் பேர் வருமென்றால் பாவம் சுமக்க முடியாது மேன் என்று அழுதான். அவன் மெஷின் பட்டை எருமைக் காலுக்குப் பத்தவே பத்தாதாம். முதல் நாளே உதைக்குப் பயந்து, அந்தப்பக்கம் குந்திச் சும்மா புஸ் புஸ் என்று காற்றடித்துவிட்டு, என் கையில் பார்த்த நம்பரையே எருமை நம்பர் என்று சொல்லிவந்தானாம். பன்னிரண்டு மாதமும். மங்கம்மாவின் மாட்டுக்குப் பின்னால் நடந்து நடந்து இறங்கினதெல்லாம் என் பிரஷர்தான் மாப்பிள்ளை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். மனுவை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஐம்பத்திரண்டை ஐம்பத்திரண்டு என்றே படியுங்கள், மங்கம்மா எங்கேயும் போகக்கூடாது. பதிவேட்டில் பொய் நிற்கக் கூடாதென்று, கரியம்மா என்று இருந்த பன்னிரண்டு இடத்திலும் சிவப்பு மசியில் அடித்துத் தம்மபாலன் என்று திருத்தினேன். பழனியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு மசிய வீணாக்குற, ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறாள்.