போல்ட் கம்பெனியின் தலைக்கு மேல் ஸ்டெல்லா

என்னிடம் ஓர் அச்சுத்தாள் இருக்கிறது. இணையப் பக்கத்தை அச்சிடும்போது கணினி தானாகவே அடியில் தேதியைப் போட்டுவிடும். இந்தத் தாளில் 1999 அக்டோபர் என்பது தெளிவாகத் தெரிகிறது. நாள் மட்டும் யாருடைய காபியிலோ கரைந்துவிட்டது (தேதிகளை மதிக்கிறவனுக்கு இப்படித்தான் நடக்கும்). தாளின் உச்சியில் ஒரு போல்ட் தொழிற்சாலையின் பெயர், சின்னம், தொலைபேசி எண். அவற்றுக்குக் கீழே, தரத்தைப் பற்றி ஏதாவது பெருமையடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில், ஆங்கிலத்தில் இப்படி ஒரு வரி: “ஸ்டெல்லா, எங்கிருந்தாலும் உடனே திரும்பி வரவும். யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்.”

எழுதியவன் நான்தான்.

அப்போது ஓசூர் பாகலூர் சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சுற்று வட்டாரப் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இணையதளம் செய்துகொடுப்பது தொழில். உரிமையாளர் ரங்கப்பா. வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் கன்னடம், எங்களைத் திட்டும்போது மட்டும் தமிழ். வேலை செய்பவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஸ்டெல்லா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிறவர். என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டச்சு செய்துகொண்டே அந்தப் பாட்டுகளை முணுமுணுப்பார். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் அந்த வருடம் எனக்குப் பாதிப் பாட்டுகள் மனப்பாடம்.

ஒவ்வொரு தளத்திலும் பல பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் கம்பெனி பெயரும் எண்ணும் மற்றப் பக்கங்களுக்கான இணைப்புகளும் கொண்ட ஒரு பட்டை. ஹெட்டர் என்போம். அதை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக ஒட்டவேண்டும். ஒரு முதலாளி தொலைபேசி எண்ணை மாற்றினால் தீர்ந்தது. ஸ்டெல்லா எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துவார், கடைசி வெளிச்சமும் போகும்வரை.

“ஒரு நாளாவது அஞ்சு மணிக்குக் கெளம்பணும்ங்க. வீட்ல என் மூஞ்சிய மறந்துட்டாங்க” என்றார் ஒரு மாலை.

வேறொருவனாக இருந்தால் பூ வாங்கிக் கொடுத்திருப்பான். நான் ஹெட்டரைத் தனிக் கோப்பாக எழுதினேன்.

எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக ஒரே கோப்பு. ஒவ்வொரு பக்கமும் தன் பெயரையும் சின்னத்தையும் மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் போதும், தன்னிடமுள்ள எண்களைச் சேர்த்துப் பட்டையை அது கட்டிக்கொடுத்துவிடும். பட்டையின் அடியில் வரும் விளம்பர வாசகத்தைப் பக்கம் சொல்லாவிட்டால், கோப்பில் பொது வாசகத்துக்கான இடத்தில் எது எழுதியிருக்கிறதோ அது வரும். இந்தக் கடைசி ஏற்பாட்டை நினைத்து அன்று நான் மிகவும் பெருமைப்பட்டேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரங்கப்பா முன்னால் செய்து காட்டினேன். ஒரு எழுத்தை மாற்றினேன். எல்லாத் தளங்களிலும் எல்லாப் பக்கங்களிலும் மாறியது. ரங்கப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அப்ப இந்தம்மா தெனமும் பண்ணிட்டிருந்த வேலை?”

“இனிமே அந்த வேலையே கெடையாது சார்!” என்றேன், வெற்றிக் களிப்பில்.

“அப்ப ஸ்டெல்லாம்மா என்ன பண்ணும்?”

“நிம்மதியா இருப்பாங்க சார்.”

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. ரங்கப்பா ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். நான் இன்னும் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள். நான் ரங்கப்பாவிடம் மன்றாடினேன். “ஏம்ப்பா, நீதானே வேலை கெடையாதுன்ன? சும்னே, சும்மா ஒக்காத்தி வெச்சு நான் என்ன பண்றது?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

ஓசூரில் வேறு வேலை அமையாவிட்டால் பெங்களூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்புவதாக ஸ்டெல்லா வீட்டில் முடிவு. கடைசி நாள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நல்லாத்தான் யோசிச்சீங்க. அஞ்சு மணிக்குப் போகணும்னு கேட்டேன். ஒரேயடியா அனுப்பிட்டீங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது இன்னும் மோசம்.

எல்லையில் இருக்கிற ஊரில் பெங்களூர் ஒரு தூரமே இல்லை. ஏறி உட்கார்ந்து கண் அயர்வதற்குள் கர்நாடகத்து அத்திப்பள்ளி வந்துவிடும். ஆனால் முகவரி தெரியாதவனுக்கு அது அமெரிக்கா. அவர் போனபிறகு எதிர் நாற்காலியில் ரங்கப்பா பழைய அச்சுப்பொறியை வைத்தார். அது பாடவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை. ஒரு ரோஜாத் தோட்டத்தின் எண்ணைத் திருத்தவேண்டியிருந்தது. ஹெட்டர் கோப்பைத் திறந்தேன். பொது வாசகத்துக்கென்று விட்டிருந்த இடம் காலியாகக் கண்ணில் பட்டது. அங்கே அந்த வரியை எழுதினேன். செய்தித்தாளில் காணாமல் போனவர்களுக்கு விளம்பரம் கொடுப்பார்களே, அந்தப் பாணி. திரையில் பார்த்தேன். மனசு கொஞ்சம் லேசானது. அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ரங்கப்பா சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, “கரண்ட் போவப்போவுது, சீக்கிரம் அனுப்புப்பா” என்றார். திருத்திய எண்ணோடு கோப்பை அப்படியே தொலைபேசி இணைப்பு வழியாக அனுப்பினேன். அவர் பூட்டினார். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்கூடத் தனக்கென்று வாசகம் தந்ததில்லை என்பதை இந்த இடத்தில் பதிவுசெய்கிறேன்.

திங்கட்கிழமை காலை போல்ட் தொழிற்சாலை முதலாளி மேலே சொன்ன அச்சுத்தாளோடு படியேறி வந்தார்.

“யார்யா இந்த ஸ்டெல்லா? ஜெர்மனிக்காரன் கேக்கறான், உங்க புது மாடலா, எந்த சைஸ்ல வருதுன்னு!”

அவர் பின்னாலேயே எடைமேடைக்காரர். பிறகு கல்யாண மண்டபத்துக்காரர். மண்டபத்துக்காரர்தான் அதிகம் கொதித்தார். “மண்டபத்துப் பக்கத்துல பொண்ணக் காணோம்னு போட்டா எவன்யா புக் பண்ணுவான்?”

ரங்கப்பா தாளை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். அச்சுப்பொறி இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

“அட ராமா” என்றார் மெதுவாக. “இத அன்னைக்கே வாய்ல சொல்லியிருக்கலாம்ல?”

“யார்கிட்ட சார்?”

“அந்தப் பொண்ணுகிட்டதான், முட்டாள்.”

வரியை உடனே எடுத்தேன். வேலை போகவில்லை. அந்தக் கோப்பு என்னைத் தவிர யாருக்கும் புரியாது. அந்த வாரமே எல்லா முதலாளிகளும் தங்களுக்கென்று வாசகம் எழுதி அனுப்பினார்கள், மறுபடியும் அந்தப் பெண் வந்துவிடக்கூடாதென்று. ரங்கப்பா ஸ்டெல்லாவின் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவர்கள் வாடகை வீட்டைக் காலிசெய்து குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் முகவரி தெரியவில்லை.

இப்போது என் வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்போது நான் கணினி முன் இருந்தால், என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: “எங்கிருந்தாலும் உடனே வரவும். யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்.” பிள்ளைகள் கூடவே சொல்வார்கள். நானும் சிரிப்பேன். ஒரு நொடி தாமதமாக.

ஒன்று மிச்சம் இருக்கிறது. ரோஜாத் தோட்டத் தளத்தில் வருகிறவர்கள் ஏதாவது எழுதிவிட்டுப் போக ஒரு பக்கம் வைத்திருந்தோம். அதை நான் திறந்து பார்த்தது வரியை எடுத்துப் பல நாள் கழித்து. வரி இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை யாரோ எழுதியிருந்தார்கள். பெயர் இல்லை. ஊர் என்ற இடத்தில் பெங்களூர். ஆங்கில எழுத்தில் தமிழ்: “பூ நல்லா இருக்கு. அந்த வரி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

அது ஸ்டெல்லா கடைசியாகச் செய்து முடித்த தளம் என்பது உண்மை. பெங்களூரில் வம்புக்காரர்களும் நிறைய உண்டு என்பதும் உண்மை. எழுதியது யார் என்பது இதுவரை உறுதியாகவில்லை.