இரண்டு நிமிடச் சட்டத்தரணி

மனிதரில் ஒரு வகையினர் இருக்கிறார்கள். மற்ற நேரங்களில் நம்மைப் போலவே கதைப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், காது குடைவார்கள். கமராவில் சிவப்புப் புள்ளி எரிந்ததோ இல்லையோ, முதுகு நிமிரும், மோவாய் உயரும், தொண்டைக்குள்ளிருந்து வேறு யாரோ பேசத் தொடங்குவார். அந்த வேறு யாரோ எங்கே பிறந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று கேட்டுவிடாதீர்கள். அவருக்கே தெரியாது. இந்த இனத்துக்குக் கமரா முகத்தார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கலியாண வீடுகளில் இவர்களை நிறையக் காணலாம். வேலை தேடும் சட்டத்தரணிகளுக்குள்ளும் இந்த இனம் பெருகுகிறது என்பதுதான் சிட்னியின் புதுச் செய்தி.

நார்த்மீட்டில் இருக்கும் சிறிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண நீதிமன்றங்களில் ஒன்பது வருடம் வாதாடியவர். அவர் குறுக்கு விசாரணைக்கு எழும்பினால் சாட்சிக் கூண்டில் நிற்கும் பொலிஸ்காரர் தண்ணீர் கேட்பார். இங்கே வந்தபின் மறுபடி படித்து, பரீட்சை எழுதி, நியூ சவுத் வேல்ஸிலும் சட்டத்தரணியாகப் பதிந்துகொண்டார். பதிந்து பதினெட்டு மாதம். களஞ்சியசாலை ஒன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டே விண்ணப்பம் அனுப்பினார். பதில் வரவில்லை.

அப்போதுதான் பரமட்டாவில் ஒரு சின்னச் சட்ட அலுவலகம் விளம்பரம் போட்டது. விசா வழக்குகளுக்குத் தமிழ் பேசும் சட்டத்தரணி தேவை. முதல் சுற்றில் கடிதமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். உங்களைப் பற்றி இரண்டு நிமிட வீடியோ அனுப்பினால் போதும்.

இரண்டே நிமிடம்! முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்யும் மனைவி ராகவி, ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடியும் அலுவல் என்று நினைத்து, தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். பாவம்.

சனிக்கிழமை காலை சோபா குசினிக்குள் அடுப்போரம் போனது. முதுகுப் பக்கம் தடித்த புத்தகங்கள் தெரியவேண்டுமே? சிறிதரனின் சட்டப் புத்தகங்கள் எல்லாம் கணினிக்குள் இருந்தன. ஆகவே நூலகத்திலிருந்து பன்னிரண்டு குண்டுப் புத்தகங்கள் இரவல் வந்தன. அவற்றில் இரண்டு குதிரை வளர்ப்பு. இதற்கு முன்பே அவர் யூடியூபில் பதினொரு ஆலோசகர்களைக் கேட்டு முடித்திருந்தார். ஒருவர் சிரி என்றார், ஒருவர் சிரிக்காதே என்றார், ஒருவர் கண்ணாடியைக் கழற்று என்றார், பதினோராமவர் அவுஸ்திரேலியர்களுக்குத் தற்பெருமை பிடிக்காது, எதையும் குறைத்தே சொல் என்றார். சிறிதரன் எல்லாருக்கும் கீழ்ப்படிந்தார்.

"ஹை, அயம் ஷ்ரீ!"

ராகவி போனைத் தாழ்த்தினாள். "ஆர் இந்த ஷ்ரீ?"

"நான்தான்."

"அப்ப சிறிதரன் எங்கை போட்டார்?"

"சுருக்கினால்தான் இவையளின்ரை வாயிலை நுழையும். நீர் எடும்."

எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் இயந்திரத்தை இயக்கினார், அது வேண்டாம். ஒரு புருவம் மற்றதைவிட மேலே போனது, அதுவும் வேண்டாம். கழுத்து ரை வலது பக்கம் சாய்ந்தது. ஷ்ரீயின் மூக்கால் வழியும் ஆங்கிலம் ஒரு சொல்லில் மெல்பேணுக்கும் அடுத்த சொல்லில் அமெரிக்காவுக்கும் போய் வந்தது. இப்படியே பதினான்கு தடவை.

பதினைந்தாவதில் சிறிதரனின் போன் அடித்தது. அழைத்தவர் மெல்பேணின் கிரெய்கிபர்னில் இருக்கும் அருந்தவன். படகில் வந்து தற்காலிக விசாவில் வேலை செய்பவர். குடிவரவுத் திணைக்களக் கடிதம் எது வந்தாலும் முதலில் சிறிதரனுக்குத்தான் எடுப்பார்.

"அண்ணை, கடிதம் வந்திருக்கு. என்னைத் திருப்பி அனுப்பப் போறாங்களோ?"

சிறிதரன் ரையைத் தளர்த்திவிட்டுக் கதிரையின் கைப்பிடியில் குந்தினார். "முதல்லை மூச்சை விடும். முதல் பந்தியை வாசியும்... ஓம்... நிப்பாட்டும். இது மறுப்பு இல்லை, தம்பி. மேலதிக விபரம்தான் கேக்கினம். கீழை ஒரு திகதி போட்டிருக்கும், அதைத் தவறவிடக் கூடாது. திங்கட்கிழமை இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குக் கடிதத்தைக் கொண்டு போம். விளங்கிச்சோ? சரி, போய்ச் சாப்பிடும்."

கால் மணி நேரம் கதைத்தார். போனை வைக்கும்போது மறுமுனையில் அருந்தவன் சிரித்தது ராகவிக்கும் கேட்டது.

"இப்ப கதைச்ச ஆளை அனுப்புங்கோவன்," என்றாள்.

"விசர்க்கதை கதையாதையும். அது கமராவுக்குச் சரிவராது."

ரை இறுகியது. சிவப்புப் புள்ளி எரிந்தது. தமிழைப் பற்றி ஷ்ரீ ஒரே ஒரு வரி சொன்னார், அதுவும் பதினோராம் ஆலோசகர் சொன்னபடி அடக்கத்தோடு: "ஐ கேன் மேனேஜ் எ பிட் ஒஃப் டமில்."

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் தோற்றமும் நிதானமும் எங்களைக் கவர்ந்தன. ஆயினும் எங்கள் கட்சிக்காரர்களுக்குச் சரளமான தமிழ் அவசியம். உங்களுடையது சமாளிக்கும் அளவிலேயே இருப்பதாக நீங்களே கூறியிருப்பதால், வருந்துகிறோம்.

சிறிதரன் மூன்று தரம் வாசித்தார். அவரது ஆங்கிலத்தைச் சந்தேகித்திருக்கிறார்கள், அனுபவத்தைச் சந்தேகித்திருக்கிறார்கள். தமிழை இதுவரை ஒருவரும் சந்தேகித்ததில்லை. குசினிக்குள் போய்ச் சிரிக்கலாம் என்று எழும்பிய ராகவி, அவர் நாலாம் தரமும் வாசிக்கத் தொடங்குவதைக் கண்டு நின்றுவிட்டாள்.

"எடுத்துக் கதையுங்கோ," என்றாள்.

அலுவலகத்தின் உரிமையாளர் சிவகௌரியே போனை எடுத்தார்.

"ஹை, இற்ஸ் ஷ்ரீ ஹியர்..."

ராகவி அவர் புயத்தில் நுள்ளினாள். பலமாகத்தான்.

"ஆ! விடப்பா, நோகுது!"

மறுமுனையிலிருந்து தமிழிலேயே கேள்வி வந்தது. "நீங்கள் யாழ்ப்பாணமோ?"

பிறகு என்ன? அணை உடைந்தது. "அம்மா, என்ரை தமிழ் சமாளிக்கிற தமிழ் இல்லை. ஒன்பது வருசம் அதிலைதான் சோறு திண்டனான். உங்கட தீர்ப்பைப் பிழை எண்டு சொல்லேல்லை, உங்களுக்கு முன்னாலை வந்த சாட்சிதான் பொய்ச்சாட்சி..."

"அப்ப அந்த வீடியோவிலை வந்தவர் ஆர்?"

"அவரை எனக்கும் வடிவாத் தெரியாது, அம்மா."

சிவகௌரி சிரித்து முடிய நேரமெடுத்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார். வேலையும் கொடுத்தார்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் அறியவில்லை. மூன்றாம் மாதம், கட்சிக்காரர்களுக்காகத் தமிழில் ஒரு சின்ன வீடியோ செய்யச் சொன்னார் சிவகௌரி. தாய்மொழியாயிற்றே, பயமென்ன? சிவப்புப் புள்ளி எரிந்தது. "பேரன்புமிக்க புலம்பெயர் பெருமக்களே!" என்று, வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் குரலில் ஒருவர் முழங்கினார்.

மறுநாள் அந்த வீடியோவைப் பார்த்திருந்த நாகேஸ்வரி அன்ரி என்ற கட்சிக்காரர் பேரனின் விசா விடயமாக அலுவலகத்துக்கு வந்து, சிறிதரனுக்கு முன்னால் இருந்து, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, வீடியோவிலை வாற அந்தப் பெரிய மனிசனிட்டை என்னை அனுப்பிப்போடாதேங்கோ. அவர் பேசுறதைக் கேட்டாலே பயமாக் கிடக்கு. பேரன்ரை அலுவலை நீங்களே பாருங்கோ."

"ஓம் அன்ரி," என்றார் சிறிதரன். வேறென்ன சொல்வது?

நீங்கள் இதையெல்லாம் வாசித்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் மேய்ஸ் ஹில் கோயில் வாசலில் யாராவது போனைத் தூக்கி "இஞ்சை பாருங்கோ" என்றால், உங்கள் வயிறு எங்கே போகிறது? ஊருக்கு வீடியோ கோல் எடுக்கும்போது உங்கள் குரல் எதற்காக ஒரு படி இறங்கிக் கனக்கிறது? அதுகூடப் போகட்டும். ஒருவரும் படமெடுக்காத இந்த நேரத்தில், உங்கள் உதட்டோரம் நிற்கிறதே ஒரு புத்திசாலிச் சிரிப்பு, அது யாருடையது?