கண்ணாடி மாற்றும் தீர்மானம்

பாதுகாப்பு என்னும் மாபெரும் இலட்சியத்துக்காக மனித குலம் இதுவரை கோட்டை கட்டியிருக்கிறது, அகழி வெட்டியிருக்கிறது, இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் வெந்திருக்கிறது. இவை எல்லாமே, பினாங்கின் ஆயர் ஈத்தாம் வட்டாரத்துக் கதிர்காமநாதன் தமது வண்டியின் முன்கண்ணாடியைத் தம் கையாலேயே கழற்றி மாற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நடந்த ஒத்திகைகள் என்றே கொள்ள வேண்டும்.

கதிர்காமநாதன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோப்பு பார்த்தவர். கால்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி இருந்தால் அந்த விண்ணப்பத்தை மூன்று மாதம் தூங்க வைக்கும் அளவுக்குக் கடமை உணர்ச்சி உள்ளவர். ஓய்வு பெற்ற கையோடு, காடு மேடு பாராமல் ஏறக்கூடிய பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்றை வாங்கினார். சக்கரம் இடுப்பளவு உயரம். கூரையில் மண்வெட்டியும் கோடாரியும். ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூச்சுவிடுவதற்கு நீண்ட குழாய் ஒன்றும் இருந்தது. இத்தனை ஆயுதங்களோடு அந்த வண்டி தினமும் காலையில் ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கிக்கொண்டு திரும்பியது.

வீரர்கள் தனித்திருப்பதில்லை. கதிர்காமநாதன் 'பினாங்கு கரடுமுரடுப் பாதை வீரர் சங்க'த்தின் காரியதரிசி. தலைவர் மோகனராஜ் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஆபத்தைப் பற்றிப் பேசியே வீடு கட்டியவர். பொருளாளர் ஹாஃபிஸ், நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். சங்கம் ஒரே ஒருமுறை படையெடுத்திருக்கிறது. தாசேக் கெலுகோரில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் வாசல்வரை போனார்கள். மழை வருவதுபோல் இருந்தது. மழை வந்தால் சேறாகிவிடும், வண்டி அழுக்காகிவிடும் என்று திரும்பிவிட்டார்கள். சங்கத்தின் முதல் விதி: ஒருவர் வண்டியை இன்னொருவர் குறை சொல்லக்கூடாது. அந்த விதி இல்லாவிட்டால் சங்கமே இருந்திருக்காது.

இந்த நிலையில்தான் கதிர்காமநாதனின் ஒரே மகள் தர்மினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு எஞ்சினியராக இருக்கும் பெண். முகூர்த்தத்தன்று அவளைக் கோயிலுக்குத் தம் ஃபோர்வீலில், தாமே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது கதிர்காமநாதனின் ஆசை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. சாப்பாடு, புடவை, மேளம் எல்லாவற்றையும் மனைவி பத்மாவதியிடம் விட்டுவிட்டார். இது ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

தடையாக இருந்தவை சில சிறு சம்பவங்கள். மார்க்கெட் வாசலில் ஒரு தூணைப் பார்த்து, "என்ன தம்பி, ஆளையே காணோம்?" என்று விசாரித்தார். ஃபிளாட்டின் கீழே பக்கத்து வீட்டு நோர்மா வைத்திருந்த ரோஜாத் தொட்டிகள்மேல் முன்சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டு, 'இன்று பாதை மிகக் கரடுமுரடு' என்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் பதிவிட்டார். உடனே பதினைந்து கட்டைவிரல்கள் உயர்ந்தன.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் குடும்பத்தின் அவசரக் கூட்டம் கூடியது.

"எல்லாம் மங்கலா தெரியுது பத்மா. கண்ணாடி பழசாயிருச்சு," என்றார் கதிர்காமநாதன்.

"அதத்தானே நாங்களும் சொல்லிக்கிட்டே இருக்கோம்," என்றார் பத்மாவதி. "மொதல்ல கண்ணாடிய மாத்துங்க. மாத்தினாத்தான் புள்ள உங்க வண்டில ஏறுவா."

"நல்லா தெரியணும்பா. எனக்கு அது போதும்," என்றாள் தர்மினி.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எந்தக் கண்ணாடி என்பது தீர்மானத்தில் குறிப்பிடப்படவில்லை. வேறொருவராக இருந்தால் சந்தேகம் கேட்டிருப்பார். கதிர்காமநாதன் வாழ்நாளெல்லாம் எழுத்தில் இல்லாததைச் செய்யாதவர். சட்டைப் பையில் இருந்த பழைய மூக்குக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, மறுபடியும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். உண்மையில் அவருக்குப் பயம். கண் பரிசோதிக்கப் போய், 'ஐயா, இனிமேல் வண்டி ஓட்டாதீர்கள்' என்று சொல்லிவிட்டால்? மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது யார்? வண்டியின் கண்ணாடிக்கு அப்படிப்பட்ட கெட்ட வாய் கிடையாது.

மறுநாளே ஹாஃபிஸின் கடையில் சங்கம் கூடியது. இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ வந்தது. பிரச்சினை அலசப்பட்டது.

"சாதாரண செர்மின் கண்ணாடி போட்டுடாதீங்க அண்ணே," என்றார் ஹாஃபிஸ். "காட்டுல கல்லு தெறிச்சா அதோட முடிஞ்சுரும். போலிகார்பனேட் போடுங்க, சுருக்கமா போலின்னு சொல்வோம். பிளாஸ்டிக்தான், ஆனா சுத்தியலால அடிச்சாலும் ஒடையாதுலா."

"கல்லு மட்டுமா?" என்றார் மோகனராஜ் கவலையோடு. "மரக்கிளை விழலாம். முள்ளு டுரியான் பழம் விழலாம். டுரியான் சீசன்ல என் கிளையண்ட் ஒருத்தருக்கு..." அந்தக் கிளையண்டுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாலிசி எடுக்க வேண்டியிருக்கும்.

"கடையில குடுத்துப் போடவா?" என்றார் கதிர்காமநாதன்.

"நம்ம வண்டிய அடுத்தவன் தொடலாமா அண்ணே? நம்மளே போடலாம். போலே, முடியும்," என்றார் ஹாஃபிஸ்.

'போலி' என்ற சொல் மட்டும் வீட்டில் கசிந்தது. மூக்குக் கண்ணாடி என்றே நினைத்த பத்மாவதி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "போலின்னு ஹாஃபிஸ் தம்பியே சொல்றாரு. அசல் கெடைக்கலையா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் வேலை ஆரம்பமானது. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை உள்ளிருந்து நெம்பினார்கள். மோகனராஜ் இருக்கையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலாலும் கண்ணாடியை உதைத்து வெளியே தள்ளினார். ஹாஃபிஸ் வெளியே நின்று, பிரசவம் பார்ப்பவர்போல் அதை வாங்கிக்கொண்டார். பழைய கண்ணாடியைப் பிளாஸ்டிக் தகட்டின்மேல் வைத்து, பேனாவால் ஓரம் வரைந்து, மின்வாளால் அறுத்தார்கள். கதிர்காமநாதன்தான் அறுத்தார். கோடு ஒரு பக்கம் போனது, வாள் இன்னொரு பக்கம் போனது. மிச்சத்தை ஹாஃபிஸ் அரத்தால் ராவிச் சரிசெய்தார்.

மாடியிலிருந்து இதைப் பார்த்த பத்மாவதி படியிறங்கி வந்தார்.

"நான் சொன்னது உங்க மூக்குக் கண்ணாடிய."

"அன்னிக்கு அப்படிச் சொல்லலயே. கண்ணாடின்னுதான சொன்னே," என்றார் கதிர்காமநாதன், அலுவலகக் குரலில்.

பத்மாவதி திரும்பி மேலே போனார். கூடவே இறங்கி வந்திருந்த தர்மினிதான் வழி சொன்னாள்: "சாயங்காலம் நான் பக்கத்துல உக்கார்றேன்பா. இங்கயே ஒரு சுத்து சுத்துங்க. நல்லா தெரியுதுன்னா கல்யாணத்தன்னிக்கு நீங்களே ஓட்டுங்க. தெரியலன்னா மாமா காருல போறேன்." கதிர்காமநாதன் உடனே சம்மதித்தார். தகட்டைக் கண்ணாடி இருந்த இடத்தில் பொருத்த அவருக்குக் கை பரபரத்தது.

இங்கே ஒரு சிறு தொழில் விளக்கம். இந்தத் தகட்டின் இரண்டு பக்கமும், கீறல் விழாமல் இருக்க, பால்நிறத்தில் மெல்லிய தோல் ஒன்று ஒட்டி வரும். வேலை முடிந்ததும் அதை உரித்துவிட வேண்டும். தகட்டைப் பொருத்திவிட்டுக் கதிர்காமநாதன் உள்பக்கத் தோலை உரித்தார். உரித்ததும் வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார். வெளிப்பக்கத் தோல் அப்படியே இருந்தது. வண்டி, முகத்தில் துண்டு போட்டுத் தூங்குகிற மாதிரி நின்றது.

அவர் ஏறி உட்கார்ந்து முன்னால் பார்த்தார்.

"அடடா," என்றார். "என்ன தெளிவு. முன்னவிட எவ்வளவோ தேவல."

மோகனராஜ் ஹாஃபிஸைப் பார்த்தார். ஹாஃபிஸ் வானத்தைப் பார்த்தார். சங்கத்தின் முதல் விதி இருவர் நினைவிலும் ஒரே சமயத்தில் வந்தது.

"சூப்பர் அண்ணே," என்றார் தலைவர்.

"பினாங்குலயே இந்த மாதிரி கிடையாது அண்ணே," என்றார் பொருளாளர். அது உண்மையும்கூட.

சாயங்காலம் திறப்பு விழா. மற்ற வீரர்களும் வந்துவிட்டார்கள். தலைவர் உரையாற்றினார். தைப்பூசத் தேருக்கு முன் மலைமலையாகத் தேங்காய் உடைகிற ஊர் அல்லவா? கண்ணாடியின் வலிமையைத் தேங்காயாலேயே நிரூபிப்பது என்று சங்கம் முடிவு செய்திருந்தது. மோகனராஜ் பத்தடி தள்ளி நின்று, ஓங்கி எறிந்தார். தேங்காய் 'தொம்' என்று கண்ணாடியில் பட்டு, எம்பி, ஹாஃபிஸின் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டு உருண்டது. கண்ணாடியும் உடையவில்லை, தேங்காயும் உடையவில்லை. வீரர்கள் கைதட்டினார்கள். ஹாஃபிஸும் நொண்டிக்கொண்டே தட்டினார்.

ஆரத்தித் தட்டோடு வந்த பத்மாவதிக்கு முகம் சுருங்கியது. "ஒடையாத தேங்காயப் பாத்துட்டா புள்ளய ஏத்துறது?" என்றவர், வண்டியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி இது, கண்ணாடி பால் ஊத்தின மாதிரி இருக்கு?"

மோகனராஜ் ஒரு கணம்தான் தயங்கினார். "அது வெயில் கூசாம இருக்கறதுக்கு அக்கா. லேட்டஸ்ட் மாடல். உள்ளேர்ந்து பாத்தா பளிச்சுன்னு தெரியும்."

"அண்ணனுக்கு நல்லா தெரியுதாம்," என்று சேர்த்துக்கொண்டார் ஹாஃபிஸ்.

எத்தனையோ பேருக்கு ஆயுள் காப்பீடு எழுதியவர் சொல்கிறார். பத்மாவதி நம்பினார். வண்டிக்கு எதிரே போய் நின்று, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செந்நீர்த் தட்டைச் சுற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் தர்மினி மாடியிலிருந்து இறங்கி, வண்டியின் பின்புறமாக வந்து, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். எதிரே வெள்ளைவெளேரென்று இருந்தது. அதில் ஏதோ ஒரு நிழல் அசைந்தது.

"அப்பா, முன்னால யாரு நிக்கிறாங்க?"

கதிர்காமநாதன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் மகள் அவர் வண்டியில் வருவாள். அவர் மனம் முழுக்க அந்த ஒரே எண்ணம்தான்.

"ஒருத்தரும் இல்லம்மா. பாதை கிளியர்," என்று சொல்லிக்கொண்டே கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

தர்மினி பாய்ந்து சாவியைத் திருகினாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. வெளியே தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. வெள்ளைத் திரையின்மேல் சிவப்பாக ஏதோ தெறித்து வழிந்தது.

"என்னம்மா அது, செவப்பா?" என்றார் கதிர்காமநாதன்.

பத்மாவதி பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். செருப்பு அறுந்து, கால் விரலில் தோல் வழன்றிருந்தது. வேறு ஒன்றுமில்லை. தெறித்தது ஆரத்தித் தண்ணீர்தான். தர்மினி ஓடிப்போய் அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு வண்டியின் மூக்கில் ஏறி, அந்தத் தோலின் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பாக உரித்துப் போட்டாள். கண்ணாடி ஜம்மென்று தெளிந்தது. கார் நிறுத்துமிடம், நோர்மாவின் மிச்சத் தொட்டிகள், அந்தப் பக்கத்து மலை எல்லாம் தெரிந்தன.

"எதுக்கும்மா அதக் கிழிச்சே?" என்றார் கதிர்காமநாதன் உள்ளிருந்து. "ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு."

மகள் அவரைப் பார்த்த பார்வை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பத்மாவதி கால் விரலைப் பிடித்துக்கொண்டு முனகியது நன்றாகக் கேட்டது. சட்டைப் பைக்குள் கையை விட்டு, அங்கேயே வைத்துக்கொண்டார்.

மோகனராஜ்தான் தொண்டையைக் கனைத்தார். "நாங்க காலையிலயே பாத்துட்டோம் அண்ணே, அந்தத் தோல. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் சொல்லல."

"சங்க விதி அண்ணே," என்றார் ஹாஃபிஸ், முழங்காலைத் தடவிக்கொண்டு.

பத்மாவதி அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அவரு மனசு நோகாம இருக்க நான் சாகணுமா, தம்பி?"

அந்தக் கேள்வி எந்தக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பிலும் பதிவாகவில்லை. வீரர்கள் ஒவ்வொருவராக, வீட்டில் வேலை இருப்பது நினைவுக்கு வந்து, தத்தம் ஃபோர்வீலில் ஏறிப் போய்விட்டார்கள்.

கதிர்காமநாதன் வண்டிச் சாவியை மகள் கையில் கொடுத்தார். மறுநாள் தாமாகவே கண் பரிசோதிக்கப் போனார். முகூர்த்தத்தன்று தர்மினி மாமாவின் சின்னக் காரில் கோயிலுக்குப் போனாள். அப்பா பின்னிருக்கையில், புட்டியின் அடிப்பாகம்போல் தடித்த புது மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மகளின் முகத்தையும், மனைவியின் கால்விரலில் இருந்த பிளாஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சங்கம் மட்டும் சோர்ந்துவிடவில்லை. சென்ற மாதத்தில் இன்னும் நான்கு வீரர்கள் தங்கள் வண்டிக்குப் 'போலி' போட்டுவிட்டார்கள். எதன்மேல் மோதினாலும் கீறல்கூட விழாத கண்ணாடி என்று மோகனராஜ் ஒவ்வொரு கூட்டத்திலும் புகழ்ந்து பேசிவருகிறார். அவர் சொல்வதில் தவறே கிடையாது. அன்றைக்குப் பத்மாவதிமேல் ஏற்றிக் கொன்றிருந்தாலும் அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருக்காது.