ஓடாத காருக்கு ஆயுத பூஜை

உலகத்தில் யாரும் தன் காரைத் துருப்பிடிக்கட்டும் என்று நிறுத்துவதில்லை. "ரெண்டு நாள் நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றுதான் நிறுத்துகிறார்கள். கம்பம் ரோட்டில் வரும்போது கவனித்துப் பாருங்கள். நாலு தெருவுக்கு ஒரு காராவது, மேலே பீர்க்கங்கொடி படர்ந்து, உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டு நிற்கும். சொந்தக்காரரைக் கேட்டால் விற்கிறேன் என்றும் சொல்லமாட்டார், ஓட்டுகிறேன் என்றும் சொல்லமாட்டார். "கொஞ்சம் வேலை இருக்கு, பாக்கணும்" என்பார். நானும் ஒன்பது வருடம் அப்படிச் சொன்ன ஆள்தான்.

என்னுடையது வெள்ளை அம்பாசடர். போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சீட்டில் உட்கார்ந்தால் பாயசத்துக்குள் உட்கார்ந்த மாதிரி வாசம் அடிக்கும். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. மயிலாடும்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது இருமிக்கொண்டே வந்தது. பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு வாசல் பக்கத்துக் கார் செட்டுக்குள் ரிவர்ஸில் நுழைந்ததும் அணைந்துவிட்டது. மெக்கானிக் பாண்டியைக் கூப்பிடலாம் என்றாள் என் மனைவி செல்வி. நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

காரணம் என்னவென்றால், நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். வெப்ப இயந்திரங்கள் என்று ஒரு பாடமே நடத்துகிறவனுக்கு ஒரு டீசல் எஞ்சினைச் சரிசெய்யத் தெரியாதா? (தெரியாது. இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.) முதல் ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து சில போல்ட்டுகளைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். ஒன்று மிச்சமிருந்தது. அதை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்தேன். ஒரு வருடத்தில் பாட்டில் நிறைந்தது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அதன்பிறகு பள்ளியில் தேர்வு வந்தது, மழை வந்தது, முதுகுவலி வந்தது. சாரல் அடித்து அடித்துக் கதவின் கீழ்ப்பகுதி அப்பளம் மாதிரி உதிர ஆரம்பித்தது. பின்சீட்டுக்கு அடியில் ஓட்டை விழுந்து சிமெண்ட் தரை தெரிந்தது. காற்றோட்டம் நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டேன். பழைய இரும்புக்காரர் எங்கள் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்திச் செட்டை எட்டிப் பார்த்தால் மட்டும் எனக்கு எங்கிருந்தோ அப்படி ஒரு கோபம் வரும்.

இதில் அடிபட்டவள் செல்வி. அவள் நன்றாகத் தைப்பாள். ஆனால் மெஷின் இருந்தது படுக்கையறை ஜன்னல் ஓரத்தில். அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக்குள் வந்து நின்று அளவு கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அளவு ஜாக்கெட்டைக் கதவருகில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிரிப்பது, பிடிப்பது, ஓரம் அடிப்பது என்று சில்லறை வேலைதான் அவளுக்குக் கிடைத்தது. தெருவைப் பார்த்த இடம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அதில் கார் நின்றது.

"அந்தச் செட்டை மட்டும் குடுங்க. கடைன்னு ஒண்ணு போட்டுப் பாத்துக்கிறேன்" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் மூன்று வருடமாக "வண்டி ரெடியானதும் வெளிய நிப்பாட்டிரலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓர் ஆயுத பூஜை அன்றைக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அந்த ஓடாத வண்டிக்கும் வருடாவருடம் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பேன். எல்லார் வண்டியும் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பும். என் வண்டி முன்னால் வைத்த பழத்தை நானே எடுத்துக்கொண்டு போய்ச் சாதத்துக்குப் பிழிந்துகொள்வேன்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்றாள்.

அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடுத்த ஆயுத பூஜைக்கு இந்த வண்டி நாலு பழத்தையும் நசுக்கும். நசுக்கலேன்னா செட்டு உனக்கு" என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுச் சுருளி அண்ணன் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். "நான் சாட்சி" என்றார், யாரும் கேட்காமலே.

அந்த ஒரு வருடத்தில் நான் வண்டிக்கு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வண்டி பழத்தை நசுக்கவேண்டும் என்றுதானே பேச்சு? எஞ்சின் ஓடவேண்டும் என்று யார் சொன்னார்? பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினால் போதாதா? (படித்தவன் புத்தி எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.) ரகசியமாகப் பாண்டியை வரச்சொன்னேன். டயருக்குக் காற்றடித்தான். துருவில் பிடித்திருந்த சக்கரங்களைத் தட்டித் தட்டிச் சுற்ற வைத்தான்.

"சார், சக்கரம் சுத்தும். ஆனா பிரேக் பைப்பெல்லாம் அரிச்சுப் போச்சு. ஹேண்ட்பிரேக் ஒயரே இல்ல. சக்கரத்துக்கு அண்டக் குடுத்திருக்கிற கல்லை மட்டும் எடுத்துராதீக" என்றான்.

"ஒரு முழம்தானப்பா நகரப்போகுது" என்றேன்.

அன்று காலை வண்டியைக் குளிப்பாட்டி, பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டி, ரோஜா மாலை சார்த்தினேன். சூடம் காட்டியாயிற்று. நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பின்னால் சுருளி அண்ணனும், பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேரும், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் கயலும். கல்லை எடுத்தாயிற்று. "தள்ளுங்க" என்றேன்.

நாலு பழமும் நசுங்கின. என் காதால் கேட்டேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் செல்வியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, தெருவைக் காட்டினாள். வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

கார் கழுவினால் தண்ணீர் தெருவுக்கு வடியவேண்டும் என்று, கொத்தனாரை விரட்டி விரட்டி நானே சாய்த்துப் போடச் சொன்ன தளம் அது. தெருவும் சரிவு. சரிவின் முடிவில் கம்பம் ரோடு. குமுளி பஸ்ஸெல்லாம் போகிற ரோடு. சாய்தளத்தில் வைக்கப்பட்ட பொருள் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் படம் போடுகிறவன், அந்தப் பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரை போய்விட்டு வந்தது.

வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. மனிதர் நடக்கிற வேகம்தான். அதுதான் அவமானத்தை நீட்டியது. தள்ளியவர்கள் இப்போது முன்னால் வந்து நிறுத்தப் பார்த்தார்கள், முடியவில்லை. பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். சுருளி அண்ணன் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தார். (ரிட்டயர் ஆன மனுசர் விசிலை எதற்குப் பையில் வைத்திருந்தார் என்று இன்றுவரை தெரியாது.) மாலையும் வாழைக்கன்றும் விசிலுமாக வருவதைப் பார்த்து ஒரு பாட்டியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த என் பிளஸ் ஒன் மாணவர்கள் மூன்று பேர் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். நானும் "குட் மார்னிங்" என்றேன். வேறென்ன சொல்வது?

ரோடு நெருங்கியது. பஸ் ஹாரன் கேட்டது. பலம்கொண்ட மட்டும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் சாக்கடை மூடிமேல் ஏறியது, மூடி உடைந்தது, சக்கரம் உள்ளே இறங்கியது. வண்டி தெருமுனையை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

சக்கரத்தை மேலே தூக்க ஒரு ஜாக்கியும் ஒரு கடப்பாரையும் இருந்தால் கால்மணி நேர வேலை. ஆனால் அன்றைக்கு என்ன நாள் என்பதை யோசித்துப் பாருங்கள். சுருளி அண்ணன் வீட்டில் கடப்பாரை இருந்தது. "சந்தனம் வச்சு சாமி முன்னாடி சாத்தியாச்சே வாத்தியாரே" என்றார். பக்கத்து வீட்டில் இரும்புச் சங்கிலி பூஜையில் இருந்தது. டிராக்டர் வைத்திருந்தவர், டிராக்டர் மாலையோடு நிற்பதைக் காட்டிக் கையை விரித்தார். தெரு முழுக்கக் கருவிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் நெற்றியில் குங்குமம் இருந்தது. பாண்டிக்குப் போன் போட்டேன்.

"ஜாக்கி பூஜையில இருக்கு சார். நாளைக்குப் பூஜை பிரிச்சதும் வாரேன்."

"அவசரம் பாண்டி."

"ஒம்போது வருசமா இல்லாத அவசரம் இன்னைக்கு எங்கேருந்து சார் வந்துச்சு?"

பைக்குகள் ஓரமாகப் போய்விட்டன. கார்களும் லோடு ஆட்டோவும் உள்ளே மாட்டிக்கொண்டன. அவற்றின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு தடவை "பிரேக் பிடிக்கல" என்று விளக்கம் சொன்னேன். பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காருக்குக் காவல் இருந்தேன். கடப்பாரை தர முடியாதவர்களெல்லாம் மனசு கேட்காமல் சுண்டலும் பொரியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் எட்டு வீட்டுச் சுண்டல் தின்றிருந்தேன்.

நடுவில் செல்வி காபி கொண்டுவந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நாலும் நசுங்கிருச்சாமே. சுருளி அண்ணன் சொன்னாக" என்றாள்.

"ஆமா. ஜெயிச்சது நான்தான்" என்றேன். சாக்கடையில் சக்கரத்தை விட்டுவிட்டு, இதையும் சொன்னேன்.

"சரி" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கயல் வந்தாள். அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டேன். "செட்டைக் கழுவுதுப்பா" என்றாள். வண்டி திரும்பி வருவதற்காக எண்ணெய்க்கறையைக் கழுவுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். மனைவி மேல் பிரியம்கூட வந்தது.

மறுநாள் விஜயதசமி. பதினோரு மணிவாக்கில் பாண்டி ஜாக்கியோடு வந்தான். சக்கரம் மேலே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து வண்டியை மேட்டில் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டியரிங்கில். வீட்டு வாசலுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தேன்.

செட்டில் கோலம் போட்டிருந்தது. மாவிலை கட்டியிருந்தது. பழைய சேலையில் ஒரு மூலைக்குத் திரை. நடுவில் தையல் மெஷின். காலையில் நல்ல நேரம் பார்த்துப் பூஜையைப் பிரித்து, மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறாள். தூக்கியது யார் என்றால், சுருளி அண்ணனும் பக்கத்து வீட்டுத் தம்பிகளும்தான். முந்தின நாள் என் வண்டியைத் தூக்கப் பூஜையைக் காரணம் சொன்னவர்கள்.

பக்கத்துத் தெரு அங்கன்வாடி டீச்சர் மூன்று ஜாக்கெட் துணியோடு நின்றிருந்தார். செல்வி கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு அவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். "கை முட்டி வரைக்கும் வைக்கவா, ஒரு விரக்கட மேல ஏத்தவா?" என்று கேட்டாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் அப்படி நிதானமாக, அதிகாரமாகப் பேசி நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பந்தயத்தில் ஜெயித்தவன் நான். செட்டு என்னுடையது. நான் ஒரு வார்த்தை சொன்னால் மெஷின் மறுபடி படுக்கையறைக்குப் போய்விடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தெருவில் பட்ட வெட்கம் வேறு, இது வேறு. அந்தக் காரின்மேல் எனக்கு ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. விற்றால், என்னால் சரிசெய்ய முடியவில்லை என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருக்கத்தான் ஒன்பது வருடம் ஒரு செட்டை அடைத்து வைத்திருந்தேன்.

"சார், எட்டுப் பேரும் தம் கட்டி நிக்கிறோம். எங்க விடணும்னு சொல்லுங்க. கை விட்டுப் போச்சுன்னா மறுபடி கம்பம் ரோடுதான்" என்றான் பாண்டி.

"உன் பட்டறைக்கே கொண்டுபோயிரு பாண்டி. பழைய இரும்புக்காரர் வந்தா எடுத்துக்கச் சொல்லு. எனக்குச் சரிபண்ணத் தெரியல" என்றேன்.

பாண்டி என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கயிறு கட்டி, மெதுவாக இறக்கிக்கொண்டு போனார்கள். செல்வி டீச்சரிடம் திரும்பி, "கை எவ்வளவுன்னு சொன்னீக?" என்றாள்.

இப்போது அந்தச் செட்டில் மூன்று மெஷின் ஓடுகிறது. சாக்கடை மூடியைப் புதுசாகப் போட்டுக் கொடுத்தேன். சாய்தளப் பாடம் வரும்போது மட்டும் வகுப்பில் ஒரு பயலும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, எல்லோரும் குனிந்து எழுதுகிறார்கள்.

வீட்டில்தான் தப்பிக்க முடியவில்லை. போன மாதம் எனக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னம் வீங்கிவிட்டது. "கிராம்பு வச்சிருக்கேன், அடுத்த வாரம் பாக்கலாம்" என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். செல்வி போனை எடுத்தாள். கோயம்புத்தூரில் வேலைபார்க்கும் கயலுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

"அப்பா, தள்ளிட்டுப் போக எட்டுப் பேரை வரச்சொல்லவா?" என்றாள் கயல்.

மறுநாள் காலையிலேயே போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.