பலகையில் ஏறிய பெயர்

பெயர்தான் சன்னாசி, புகழாசையை மட்டும் அவர் துறந்தபாடில்லை. ஈப்போவில் ஊரார் 'தவுக்கே', அதாவது முதலாளி, என்றழைக்க அவர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் ஆட்டுக்கறிக் குழம்பு உண்டவர்கள், கை கழுவும் முன்னரே அவரைப் பாராட்டத் தொடங்கிவிடுவார்கள். "எல்லாம் நம்ம கைப்பக்குவம்" என்று அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். உண்மையில் அந்தக் கை அவர் மனைவி செல்லாயியினுடையது. உள்ளே, குசினியில், அது புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். சன்னாசி அறிந்த சமையற்கலை, பரிமாறிய இலைமுன் அமர்வதோடு முடிந்துவிடும்.

இந்நிலையில்தான் கடைத்தெருவைக் கலக்கிற்று ஒரு செய்தி. சுகாதாரத் துரை கடைதோறும் வருகிறாராம். சட்டி பானை முதல் சமைப்பவர் நகம் வரை பார்க்கிறாராம். சுத்தத்துக்கேற்பத் தரம் குறித்து, சமையற்காரர் பெயரையும் எழுதி, வாசலில் பலகை மாட்டுகிறாராம்.

சன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. 'முதல் தரம்' என்று கிடைத்துவிடும், அதில் ஐயமில்லை. அதன்கீழ் 'சமையல்: செல்லாயி' என்றிருந்தால், ஊரில் எப்படித் தலைகாட்டுவது?

"இந்தா செல்லாயி, துரை வரும்போது நான்தான் கரண்டி புடிச்சு நிப்பேன். நீ கல்லாவுல குந்து."

"கல்லாவுலயா? பொம்பள குந்துனா கடைக்கு ஆகாதுன்னீங்களே?"

"ஒரு நாளைக்கு ஆகும்."

"சரிங்க. அடுப்பக்கூட அணைச்சு, எல்லாத்தையும் தேச்சுக் கழுவி வெச்சிடுறேன். நீங்க நகத்தையாச்சும் வெட்டிக்கிட்டு நில்லுங்க."

இத்தனை எளிதில் அவள் இணங்கியது சன்னாசிக்கு மகிழ்ச்சியளித்தது. சற்றே சிந்திக்கும் கணவனாக இருந்திருந்தால் அச்சமளித்திருக்கும்.

மறுநாள் காலை துரை வந்தார். மொழிபெயர்க்க, அவர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் கிராணியும் உடன் வந்தார். பாத்திரங்களில் முகம் பார்த்து மீசை திருத்தலாம், அப்படி மின்னின. உள்ளே நுழைந்த ஈயொன்று, கடை மாறி வந்துவிட்டோம் போலும் என்று திரும்பிச் சென்றது. வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டி, கரண்டியைச் செங்கோல்போல் ஏந்தி நின்றார் சன்னாசி.

"சமையல் யாருன்னு துரை கேக்குறாரு," என்றார் கிராணி.

"நான்தாங்க! கடை தொறந்த நாள்லேர்ந்து வேற கை இந்தச் சட்டியத் தொட்டதில்ல."

கிராணி கல்லாப் பக்கம் திரும்பினார். "நெசமாம்மா?"

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். "அவுக சொன்னாச் சரிதாங்க. நான் கிட்டப் போனாலே அவுகளுக்குக் கோவம் வரும்."

இப்படியும் ஓர் உத்தமியா என்று சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது.

துரை எழுதினார்: முதல் தரம். சமையல்: சன்னாசி. வாசலில் ஆணியடித்த ஓசை சன்னாசியின் காதில் கெட்டிமேளமாக ஒலித்தது. அது ஓய்ந்ததும் கிராணி வாயைத் திறந்தார்.

"தவுக்கே, இன்னொண்ணு. பலகையில பேரு உள்ளவரு மட்டுந்தான் இனிமே சமைக்கணும். வேற கை சட்டியில பட்டா கடைக்குப் பூட்டு. துரை சொல்லிக்கிட்டு வரமாட்டாரு; எப்ப வேணாலும் வருவாரு."

"இனிமேன்னா... எது வரைக்கும்?"

"கடை இருக்குற வரைக்கும்லா!"

அவர்கள் போனதும் சன்னாசி திரும்பிப் பார்த்தார். செல்லாயி கல்லாவில் சாய்ந்து, வெற்றிலைக்கு நிதானமாகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இந்தச் சட்டம் ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"எதுத்த கடைக்கு நேத்தே வந்துட்டாங்களே. நவமணியக்கா எல்லாத்தையும் சொல்லுச்சு."

"அடிப் பாவி! எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எவ்வளவு ஆசையா இருந்தீங்க! நான் கெடுக்கலாமாங்க?"

அதற்குள் சிம்பாங் பூலாய்த் தோட்டத்து ஆட்கள் வண்டியிலிருந்து இறங்கி மேசைகளை நிரப்பினர். பலகையைப் படித்த ஒருவர் உரக்கக் கூவினார்: "தவுக்கே, மொதல் தரமாம்ல! ஆட்டுக்கறி வரட்டும்!"

சன்னாசி குசினிக்குள் பாய்ந்தார். சட்டியை அடுப்பில் ஏற்றினார். கறியை எடுத்தார், வைத்தார். மஞ்சளை எடுத்தார், அதையும் வைத்தார். இறுதியில் கதவிடுக்கில் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"செல்லாயி... யாருக்கும் கேக்காமச் சொல்லு. ஆட்டுக்கறிக்கு மொதல்ல என்ன போடணும்?"

அவள் வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டாள்.

"மொதல்ல தீயப் போடுங்க."